திருச்சி – பலாலி 184 கி.மீ.: நாற்காலியில் உண்மையில் எத்தனை நிமிடம்?

கருமண்டபம்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமிக்கு 76 வயது. யாழ்ப்பாணத்து இளவாலையில் பிறந்தவர். 1984இல் படகேறி வந்தவர், திருச்சியிலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஊரைப் பார்க்கவில்லை. முதுகெலும்புத் தேய்மானம் இருப்பதால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது. எழுந்து நாலு அடி நடந்தால் பிறகு சரியாகிவிடும். கொழும்பில் இறங்கி அங்கிருந்து சாலையில் 400 கி.மீ. போகலாம் என்று உறவினர்கள் சொன்னபோதெல்லாம் இதனால்தான் தட்டிக் கழித்தோம்.

இப்போது திருச்சியிலிருந்து நேராக யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கே விமானம் இருக்கிறது. தூரம் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 184 என்கிறது, இன்னொன்று 114, மூன்றாவது 99. பறக்கும் நேரம் 44 நிமிடமாம். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. என் கணவரோ 184ஐ 800ஆல் வகுத்துவிட்டு, "பதினாலு நிமிடம், பெல்ட் போட்டுக் கழற்றுவதற்குள் ஊர் வந்துவிடும்" என்கிறார்.

யார் சொல்வதை நம்புவது? எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மாமி எழ முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் எவ்வளவு?

---

ஓய்வுபெற்ற கணக்கு

அம்மா, முதலில் அந்த மூன்று எண்களின் சண்டையைத் தீர்த்துவிடுவோம். மூன்றும் ஒரே தூரம். 184 கிலோமீட்டர், 114 மைல், 99 கடல் மைல். சில பக்கங்கள் அலகைப் பொடி எழுத்தில் போடுவதால் வந்த குழப்பம்.

கையாலேயே சரிபார்க்கலாம். நான் முப்பது வருடம் பிள்ளைகளிடம் சொன்னது: ஒரு கடல் மைல் என்பது அட்சரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10.77, கிழக்குத் தீர்க்கம் 78.71. பலாலி 9.79, 80.07. அட்சத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 58 கலை. ஆக, தெற்கே 58 கடல் மைல். தீர்க்கத்தில் வித்தியாசம் 82 கலை, ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் கொஞ்சம் கழிக்க வேண்டும். நம் ஊர் அட்சத்தில் 0.984ஆல் பெருக்கினால் போதும். கிழக்கே 80 கடல் மைல். 58, 80 இரண்டையும் பக்கங்களாக வைத்துக் கர்ணம் கண்டால் 99. அதை 1.852ஆல் பெருக்கினால் 183 சொச்சம். தசமத்தில் நான் கஞ்சத்தனம் செய்த கணக்கு இது. கணினி 184 என்று சொல்வது சரி.

பூமி உருண்டையாயிற்றே என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு குறுகிய தூரத்தில் உருண்டைக்கும் தட்டைக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை.

நேரத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அது கணக்கு வாத்தியார் வேலை இல்லை.

---

சந்தேகப்பிராணி

கணக்கு ஐயா தூரத்தோடு நிறுத்திக்கொண்டது அவருடைய புத்திசாலித்தனம். 184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்றால் வேகம் மணிக்கு 184 கி.மீ. தானே? ரயில்காரன்கூட இன்னும் கொஞ்சம் முயன்றால் எட்டிவிடுவான். அதே திருச்சியிலிருந்து கொழும்புக்கு, அதாவது கட்டுநாயக்கவுக்கு, நேர்கோட்டில் 419 கி.மீ. அதற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் போடுகிறார்கள். இரண்டு மடங்குக்கும் மேலான தூரம், ஒரே நேரம். பயணிகளை முட்டாள் என்று நினைத்தால்தான் இப்படி அட்டவணை போட முடியும்.

---

இறக்கைநிழல்

விமான நிறுத்துமிடத்தில் பெட்டி ஏற்றும் பிரிவில் பதினொரு வருடம் வெயில் குடித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் அசையும் நொடி முதல் அங்கே போய்ச் சக்கரம் நிற்கும் நொடி வரை. தரையில் ஊர்வது, ஓடுதள முனையில் முறைக்குக் காத்திருப்பது, இறங்கிய பிறகு ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். அதன் மேல் கொஞ்சம் கைக்காவலாகவும் சேர்த்துப் போடுவார்கள். 15 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தால் "நேரத்துக்கு வந்தது" என்று கணக்கு எழுதுவது உலக வழக்கம். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எல்லோரும் செய்வதுதான்.

இணையப் பக்கங்களின் 44 நிமிடம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிடுகிறார்கள். உங்கள் கணவரின் 14, அதோடு 30. எந்த விமானம், எந்த ஓடுதளம் என்றெல்லாம் அந்தப் பக்கத்துக்குக் கவலையில்லை.

பலாலிக்குப் போவது ஜெட் அல்ல, ஏ.டி.ஆர். 72. இரண்டு புரொப்பெல்லர், ஒவ்வொன்றிலும் ஆறு அலகு (பிளேடு). முழு வேகமே மணிக்கு 510 கி.மீ. அளவுதான். அந்த வேகத்தை எட்டுவதற்கு முதலில் மேலே ஏற வேண்டும். மேலே ஏறி மூச்சு விடுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். கொழும்பு போகும் ஜெட்டுக்கு நடுவில் நீண்ட சமதளம் கிடைக்கிறது, அங்கே கால் நீட்டி ஓடிவிடும். பலாலி விமானத்துக்கு அந்தச் சமதளம் ஒரு திண்ணை அளவுதான். ஊர்வது, ஏறுவது, இறங்குவது என்ற செலவு 184 கி.மீ.க்கும் உண்டு, 419 கி.மீ.க்கும் உண்டு. அதனால்தான் இரண்டும் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கின்றன. சந்தேகப்பிராணி அண்ணா, இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இனி, நேர்கோடு என்பதும் வரைபடத்தில் மட்டும்தான். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பலாலி இருப்பது தென்கிழக்கில். ஆடிக்காற்று காலத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். விமானம் முடிந்தவரை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும் என்பதால் மேற்கு நோக்கி எழும்பி, ஒரு சுற்றுத் திரும்பித்தான் கிழக்கே வரும். பலாலி ஓடுதளம் வடகிழக்கு தென்மேற்காக இருக்கிறது. அதே காற்றில் அங்கே தென்மேற்கு நோக்கி இறங்க வேண்டும். வடமேற்கிலிருந்து வரும் விமானம் கடல் பக்கமாக விலகிப் போய் வளைந்து வர வேண்டும். இந்த இரண்டு வளைவையும் எந்தப் பக்கமும் 184இல் சேர்ப்பதில்லை.

---

சந்தேகப்பிராணி

சரி, கொஞ்சம் தணிகிறேன். ஆனால் காற்று என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். மேலே ஜெட் காற்று இருக்கிறதாமே, மழைக்காலத்தில் கிழக்கிலிருந்து மேற்காக? அது எதிர்த்தால் பலாலிக்கு இன்னும் தாமதமாகாதா?

---

ஓய்வுபெற்ற கணக்கு

வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னேன், முடியவில்லை. அந்தக் கிழக்குக் காற்றை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீஸ்வரம், 1950களில். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே அடிக்கும். ஆனால் அது 14, 15 கிலோமீட்டர் உயரத்துச் சமாசாரம். ஏ.டி.ஆர். ஏறக்கூடிய உச்சமே 25,000 அடி, அதாவது ஏழரை கிலோமீட்டர். அதிலும் இந்தக் குட்டிப் பயணத்துக்கு அவ்வளவு தூரம் ஏற வேண்டிய அவசியமே இல்லை. மாடி வீட்டில் நடக்கும் சண்டைக்குத் தரை வீட்டுக்காரர் ஏன் கவலைப்பட வேண்டும்?

இவர்கள் பறக்கும் உயரத்தில் அந்த மாதங்களில் மேற்குக் காற்றே இருந்தாலும், போகும்போது முதுகைத் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். மணிக்கு 30 கி.மீ. என்று வைத்தால்கூட இரண்டு மூன்று நிமிட வித்தியாசம்தான். அதையும் இறக்கைநிழல் தம்பி சொன்ன வளைவுகள் தின்றுவிடும்.

---

கட்டுநாயக்க வழி

நேரம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய வேடிக்கை. 1996க்கு முன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே கடிகாரம். அந்த வருடம் மே மாதம் மின்சாரச் சிக்கனத்துக்காக இலங்கை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி நேரம் 2006 சித்திரைப் புத்தாண்டு வரை அப்படியே நின்றது.

அந்தப் பத்து வருடத்தில் திருச்சி – கொழும்பு போய்வந்தவர்களுக்குத் தெரியும். அட்டவணையைப் பார்த்தால் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர அரை மணி நேரம்! என் மைத்துனர் ஒருவர், திரும்பும்போது விமானத்தை விரட்டி ஓட்டுகிறார்கள் என்றே நம்பினார். இரண்டு பக்கமும் உள்ளூர் நேரம் போட்டிருப்பதை விளக்கியும் அவர் ஏற்கவில்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்ததால், வடக்கே போகிறவர்கள் ஒரே நாட்டுக்குள் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

இப்போது இரண்டு நாட்டிலும் ஒரே நேரம். டிக்கெட்டில் உள்ளதை நேராகக் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பலாலி வழியை இன்றைக்குப் புதிதாகத் திறந்த வழி என்று நினைக்காதீர்கள். ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10இல் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலிக் களத்தில், இறங்கி, பிறகுதான் சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட களம்தான் பலாலி. நடுவில் எத்தனையோ வருடம் இராணுவத்தின் கையில். 2019 அக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் சென்னைச் சேவை. நாலு மாதத்தில் பெருந்தொற்று வந்து மூடி, 2022 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். திருச்சிச் சேவையை இண்டிகோ 2025 மார்ச் 30இல் தொடங்கியது. மாமி புறப்பட்டு வந்த பிறகு இந்த வழிக்கு இத்தனை கதை.

---

நாகைக்கரை

விமானத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே. 60 கடல் மைல், ஏறத்தாழ நாலு மணி நேரம். எழுந்து நடக்கலாம், காற்று வாங்கலாம்.

---

கருமண்டபம்வாசி

யோசித்தோம். திருச்சியிலிருந்து நாகைக்கே 140 கி.மீ. காரில் உட்கார வேண்டும். அதைவிட, "திரும்பவும் கடலில் ஏற மாட்டேன்" என்று மாமி சொல்லிவிட்டார். 1984இல் வந்த இரவைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

---

சுன்னாகத்தான்

அக்கா, நான் போன மாதம் மருத்துவத்துக்காகத் திருச்சி வந்து திரும்பியவன். நேரம் குறித்து வைக்கும் வியாதி எனக்கு உண்டு. என் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்தது 12.27. கதவு மூடியது 12.48. சக்கரம் அசைந்தது 12.53. தரையை விட்டு எழும்பியது 1.02. பெல்ட் விளக்கு அணைந்தது 1.13. மறுபடி எரிந்தது 1.30. பலாலியில் சக்கரம் பட்டது 1.41. நின்றது 1.46. நான் கீழே கால் வைத்தது 1.55.

ஆகவே பறந்தது 39 நிமிடம், அசைந்து நின்றது 53 நிமிடம், நாற்காலியில் இருந்தது கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். மாமிக்குத் தேவையான கணக்கு எது என்றால், நடுவில் 17 நிமிடம் எழுந்து நிற்கலாம் என்பதுதான்.

போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். பட்டுக்கோட்டை தாண்டி, அதிராம்பட்டினம் பக்கம் கரை முடியும். பயணத்தில் பாதி நிலம், பாதி கடல். வானம் தெளிந்திருந்தால் இடது பக்கம் கோடியக்கரை மூக்கு தெரியும். அங்கிருந்து பலாலி 60 கி.மீ. தான் இருக்கும். வலப்பக்கத்தில் இருந்தால் எங்களுடைய தீவுகள், காரைநகர்க் கடல் தெரியும். பிறகு பனை. மேலிருந்து பார்க்கப் பனை மரம் பச்சைப் பொட்டுப் போலத்தான் இருக்கும், நிழல்தான் நீளமாகக் கிடந்து காட்டிக்கொடுக்கும்.

---

கருமண்டபம்வாசி

தம்பி, இந்தக் குறிப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி. அந்த 12.27 முதல் 1.13 வரை 46 நிமிடம் வருகிறதே. அதுதான் மாமியின் எல்லை. சக்கர நாற்காலி கேட்டால் அவரை முதலில் ஏற்றிவிடுவார்கள் அல்லவா, அப்போது இன்னும் கூடுமே?

---

இறக்கைநிழல்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சக்கர நாற்காலிப் பயணிகளை முதலில் ஏற்றிக் கடைசியில் இறக்குவதுதான் பழக்கம். உதவி என்ற பெயரில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்துவிடும்.

ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. முன்பக்கம் பெட்டி அறை. ஆகவே கடைசி வரிசைகளில் நடைவழி ஓரத்து இருக்கை வாங்குங்கள். ஏறியதும் உட்காரலாம், இறங்கும்போது எதிரிலேயே வாசல். முன் வரிசையில் "வசதி" என்று பணம் கட்டி வாங்கினால் முழு விமானத்தையும் நடக்க வேண்டும். கதவே மடிந்து படிக்கட்டாகும், சில படிகள்தான், கைப்பிடி உண்டு. ஏறுவதற்கு முன் பணிப்பெண்ணிடமோ தரைப் பணியாளரிடமோ முதுகுத் தொல்லையைச் சொல்லி, கடைசியாக ஏற அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். நான் வேலை பார்த்த ஊரில் எத்தனையோ பேரை அப்படி நிழலில் நிறுத்தி வைத்து ஏற்றியிருக்கிறேன்.

ஏறும்போது வால் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லோரும் பின்னால் ஏறுவதால் வால் தாழ்ந்துவிடக் கூடாது என்று வைப்பது. கிளம்பும் முன் எடுத்துவிடுவார்கள். வலப்பக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதன் புரொப்பெல்லர் சுற்றாமல் நிற்கும். அதுவும் கோளாறு அல்ல. நிற்கும்போது மின்சாரத்துக்காக அலகை மட்டும் பூட்டி வைக்கும் ஏற்பாடு.

---

சந்தேகப்பிராணி

வால் தாழாமல் கம்பு! இதைத் தெரிந்துகொள்ளாமலேயே நான் மூன்று முறை ஏறியிருக்கிறேன்.

---

கருமண்டபம்வாசி (பதினெட்டு நாள் கழித்து)

போய்வந்துவிட்டோம். கேட்டுவிட்டு ஓடிப்போனவள் என்று பெயர் வாங்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கடைசி வரிசை, நடைவழி ஓரம். கடைசி ஆளாக ஏறினோம். தரைப் பணியாளர் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டார். பெல்ட் விளக்கு அணைந்ததும் மாமி எழுந்து இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடப்பதற்கு இடமில்லை, நின்றதே போதுமாக இருந்தது. கோடியக்கரை பார்க்கும் ஆசை எனக்கு; மேகம் மூடிவிட்டது. பலாலியில் இறங்கியதும் மாமி முதலில் கேட்டது கழிவறை எங்கே என்று. நான் என்னென்னவோ எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன்.

சுன்னாகத்தான் தம்பி போல நேரம் குறிக்க நினைத்தேன். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கையில் இருக்கும் ஒரே கணக்கு மாமியுடையது. சக்கரம் தரையை விட்டதும் செபமாலையைத் தொடங்கினாராம். ஒரு சுற்று, அதாவது ஐந்து பத்துகள், முழுதாக முடிந்தது. இரண்டாவது சுற்றில் நான்காம் பத்து நடந்துகொண்டிருக்கும்போது சக்கரம் பட்டது.

---

ஓய்வுபெற்ற கணக்கு

மிகவும் நல்ல அளவுகோல். வீட்டில் மாமி ஒரு சுற்றுச் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பார் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

---

கருமண்டபம்வாசி

நேற்று மாலை அவருக்குத் தெரியாமல் பார்த்தேன். 22 நிமிடம்.

---

ஓய்வுபெற்ற கணக்கு

ஒரு சுற்று 22. இரண்டாவது சுற்றில் தொடக்க செபங்களும் மூன்றரைப் பத்தும் சேர்த்து ஒரு 16 என்று வைக்கலாம். மொத்தம் 38 நிமிடம். சுன்னாகத்தான் தம்பியின் குறிப்பேடு 39 என்கிறது.

---

சந்தேகப்பிராணி

விமானத்தில் பயத்தில் வேகமாகச் சொல்லியிருப்பார். அந்த 22 செல்லாது.

---

கருமண்டபம்வாசி

மாமியிடம் படித்துக் காட்டினேன். செபமாலையைத் தான் ஒருநாளும் வேகமாகச் சொன்னதில்லையாம். வேண்டுமானால் விமானம் மெதுவாகப் போயிருக்கும் என்று எழுதச் சொன்னார்.